மலையில் விட்டுவந்த மாடன்

நான் சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். மருமகள் கைபேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"அத்தே, இங்க பாருங்க. நீங்க குடியிருந்த மலையூரப் பேய் ஊருன்னு போட்டுருக்கான்."

"நான் குடியிருந்தேன்லா, அப்ப பேய் ஊருதான். தள்ளிப் பிடிளா, செதில் தெறிக்கும்."

அவளுக்கு என் பேச்சு பழகிப்போனது. சிரிக்காமல் கைபேசியை அம்மிமேல் சாய்த்து வைத்தாள். தாடி வைத்த பையன் ஒருவன் காடு பிடித்த தெருவில் நடந்துகொண்டிருந்தான். பட்டப்பகல், ஆனாலும் கையில் டார்ச் லைட். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறணி சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"நண்பர்களே, இந்த ஊர்ல இருந்த அத்தனை குடும்பமும் ஒரே நாள்ல ஓடிப்போயிருக்கு. ஏன் ஓடினாங்க? இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். சுரங்கக் கம்பெனி மூடிவிட்டது, போனோம். ஓடவும் இல்லை. சாமான் ஏற்ற லாரி வராமல், மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றோம். அம்மியை ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் சொன்னான். ஏற்றாமல் வண்டி நகராது என்று நான் சொன்னேன். பேய்க்குப் பயந்து ஓடுகிறவள் அம்மிக்காக நின்று சண்டை போடுவாளா?

பையன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். நிலைக்கதவின் ஓரத்தில் வெளிச்சம் அடித்தான். சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக விரல் இழுத்த தடங்கள். இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை, ஒன்றன்மேல் ஒன்றாக.

"பாருங்க நண்பர்களே. வெளிய வர முடியாம ஒரு பொண்ணு சுவரைப் பிராண்டியிருக்கா."

நான் கையைக் கழுவாமலே எழுந்துவிட்டேன். அது எங்கள் வீடு. அந்தத் தடம் சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவினதுபோக விரலில் ஒட்டியிருப்பதை எங்கே துடைப்பது? அந்தச் சுவரில்தான் துடைத்தேன், அங்கே இருந்த காலமெல்லாம். அதற்காக என் வீட்டுக்காரர் திட்டாத நாள் இல்லை.

"இங்க வாங்க, இங்க வாங்க," என்று அவரைக் கூப்பிட்டேன். "ஒங்க பொண்டாட்டி பேயாயிட்டா. ஒலகமே பாக்குது."

முன்னறையிலிருந்து மெல்ல வந்தார். அவர் நடந்து வருவது கண்ணுக்குத் தெரியும் முன்னே காதுக்குத் தெரிந்துவிடும். நெஞ்சுக்குள் எண்ணெய் போடாத கப்பி ஒன்று எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுரங்கத்துப் புழுதி பாதி, இங்கே துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரி கிளப்புகிற தூசி பாதி என்று டாக்டர் சொன்னார். சுவரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும். இருமிக்கொண்டே சிரித்தார்.

"அன்னைக்கே சொன்னேன்லா, சொவத்துல இழுவாதன்னு. இப்பப் பாரு."

"என் வெரலு பேரு வாங்கிட்டு. ஒங்க வெரலு என்னத்த வாங்குச்சு?"

அப்படி நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பையன் கொல்லைப்பக்கம் போய்விட்டான். காட்டுச்செடியை விலக்கி வெளிச்சம் அடித்தான். இடுப்பளவு உயரத்தில் ஒரு பூடம். அடி அகலமாய், மேலே போகப் போகக் குறுகி, செங்கலும் மண்ணும் வைத்துக் கட்டினது. சுண்ணாம்பு உதிர்ந்து கறுத்திருந்தது. ஒரு மரத்து வேர் அதைப் பிளந்து, ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டிருந்தது.

"இது யாரோட சமாதின்னு தெரியல நண்பர்களே. கிட்டப் போகவே பயமா இருக்கு."

அவர் சிரிப்பு நின்றது. இருமலும் நின்றது. "சாஞ்சுட்டாரே," என்றார். அன்றைக்குச் சாளைக் குழம்பை நானும் மருமகளும்தான் சாப்பிட்டோம்.

அது சமாதி இல்லை. எங்கள் சுடலைமாடன். எங்கள் பக்கத்தில் மாடனுக்கு முகமும் கிடையாது, கையும் கிடையாது. பூடம்தான் சாமி.

என் வீட்டுக்காரர் ஏரலுக்குத் தெற்கே, செம்மணல் தேரியில் பனையைத் தவிர வேறு முளைக்காத ஊரில் பிறந்தவர். மேற்கே கன்னடம் பேசுகிற சீமையில், மலைமேல் இரும்பு மண் வெட்டுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினார். கல்யாணம் முடிந்த ஈரம் காயவில்லை, நானும் போனேன். எங்கள் ஆட்கள் வெளியூரில் போய்க் குடியேறினால் சும்மா போக மாட்டார்கள். கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, வழியில் எங்கும் தரையில் வைக்காமல் கொண்டுபோய், புது இடத்தில் புதைத்து, அதன்மேல் பூடம் கட்டுவார்கள். பிடிமண் என்று பெயர். சாமியும் கூடவே குடிவந்துவிடும்.

ரயிலில் அந்த முடிச்சைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் தர மாட்டார். பொம்பளை தொட்டால் மாடன் கோபிப்பாராம். மலை ஏறுகிற பஸ்ஸில் அவருக்கு வாந்தி வந்தது. முடிச்சை என் மடியில் எறிந்துவிட்டு ஜன்னல் பக்கம் பாய்ந்தார். மாடன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் மாடனுக்கும் அன்றைக்கே சமாதானம் ஆகிவிட்டது.

அங்கே எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கொஞ்சம் இருந்தன. வருஷா வருஷம் மாடனுக்குத் திருவிழா எடுத்துக் கொடை நடத்தினோம். மேளம் அடிக்கும்போது மாடன் இறங்கியது என் வீட்டுக்காரர்மேல்தான். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட ரெண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்கிற மனுஷன், அன்றைக்குச் சுருட்டைக் கடித்துக்கொண்டு, தீவட்டியை வீசிக்கொண்டு, அதிகாரிமாரைக்கூட "வாலே இங்க" என்று கூப்பிடுவார். வருஷத்தில் அந்த ஒரு நாள் நான் அவருக்குப் பயந்தேன். மற்ற நாளெல்லாம் அவர் எனக்குப் பயந்து கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டார்.

காட்டை அழிக்கக் கூடாது என்று சட்டம் வந்து சுரங்கத்தை நிறுத்தினார்கள். மழைக்காலம் கழிந்ததும் திறந்துவிடுவோம் என்றுதான் எல்லாரிடமும் சொன்னார்கள். அதனால் ஒருவரும் பிடிமண் எடுக்கவில்லை. திரும்பி வரப்போகிற இடத்திலிருந்து சாமியை எதற்குக் கிளப்ப வேண்டும்? இவர் மட்டும் பூடத்துக்கு முன்னால் ஒரு குவார்ட்டரை ஊற்றி, "இருந்துக்கிடுங்க, கொடைக்கு வந்துருவோம்" என்று கும்பிட்டுவிட்டு லாரியில் ஏறினார்.

சுரங்கம் திறக்கவே இல்லை.

தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தோம். மகன் டயர் கடை போட்டான், பேரன் பேத்தி பிறந்தார்கள். தேரியில் சொந்தக் கோயில் கொடைக்குப் போனோம். எல்லாரும் இவர் ஆடுவார் என்று வழிவிட்டு நின்றார்கள். சட்டையைக் கழற்றி, மாலை போட்டுக்கொண்டு, மேளத்துக்கு முன்னால் போய் நின்றார். மேளக்காரன் கை ஓய அடித்தான். இவர் பனந்தடி மாதிரி நின்றார். கடைசியில் இவருடைய பெரியப்பா பேரன் ஒருவன் "ஏய்" என்று குதித்து ஆட ஆரம்பித்துவிட்டான். அடுத்த வருஷமும் இதேதான். அதற்குப் பிறகு கொடை என்றாலே இவருக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

"எம்மேல வாரவரு மலைல நிக்காரு. இங்கன எப்பிடி வருவாரு?" என்பார்.

"அங்கன இருக்கதும் சுடலை, இங்கன இருக்கதும் சுடலை. பஸ்ஸேறி வரத் தெரியாதாக்கும்?"

"அவரு வேற, இவரு வேற. இருந்துக்கிடும்னு சொன்னது நாந்தானளா. சொன்ன எடத்துல இருக்காரு."

இதைப் பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இந்தப் பேச்சைப் போல மாமியார்கூட இத்தனை வருஷம் என் வீட்டில் இருந்ததில்லை. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்த பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். "சாகதுக்குள்ள போயி பிடிமண் எடுத்துட்டு வந்துரணும். கூட்டிட்டுப் போனவன் நானு. அநாதையா விட்டுட்டுச் செத்தம்னா என் கட்டை வேகாது." மலைக்காற்று ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்கு மாடன் இல்லை, சொல்லிவிட்டார்.

மகன் முதலில் குதித்தான். "எம்மோ, ஒங்க ரெண்டு பேருக்கும் கூறு கெட்டுப்போச்சா?"

"அவருக்கு இப்பதான். எனக்குப் பொறந்ததுல இருந்தே. நீ கார் எடு."

அப்பா தட்டில் சோறு அப்படியே கிடப்பதை அவனும் பார்த்துக்கொண்டுதானே இருந்தான். சேக்காளி ஒருவனிடம் கார் கேட்டு வாங்கினான். புளிச்சோறு, கருப்பட்டி, சுருட்டு, சாராயம், மஞ்சள் துணி எல்லாம் நான் கட்டிவைத்தேன். அப்பா நின்று நின்று உட்கார வேண்டும் என்று கடையில் கிடந்த நீல பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றையும் மகன் டிக்கியில் போட்டான். மூன்று பேருமாகப் போனோம். வழியெல்லாம் என் முழங்கால் பேசிக்கொண்டே வந்தது, அவர் நெஞ்சு பதில் சொல்லிக்கொண்டே வந்தது. மலையடியில் ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் ஏறினோம்.

ஊருக்கு முன்னால் இப்போது வனத்துறை போட்ட இரும்புக் கேட்டு. காவலுக்கு ஒரு ஆள். ஐம்பது தாண்டியவன், காக்கி ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும். யாரையும் விடுவதில்லை என்று கையை ஆட்டினான். வீடியோ எடுக்கிறவர்கள் வந்து வந்து அவனுக்கு மேலதிகாரியிடம் ஏச்சு. மகன் கெஞ்சிப் பார்த்தான். நான் எனக்கு மிச்சமிருந்த கன்னடத்தில், அது எங்கள் வீடு, பேய் வீடு இல்லை என்றேன். அவன் தமிழில் பதில் சொன்னான். சின்ன வயசில் சுரங்கக் கேண்டீனில் தம்ளர் கழுவியவனாம். அந்தத் தமிழ், பாட்டி தாத்தாவுக்கு மட்டும் கன்னடத்து அஜ்ஜி அஜ்ஜா.

"அஜ்ஜி, உள்ள விட்டா என் வேலை போகும்."

என் வீட்டுக்காரர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். காவலாளி அந்தக் கப்பிச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டான். இந்த மூச்சு அவனுக்குத் தெரியும். கேண்டீனில் வரிசையில் நின்ற ஆட்களிடம் கேட்டிருப்பான். சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். "யானை இறங்குறதுக்கு முன்னாடி திரும்பிடணும், அஜ்ஜா."

தெரு தெரியவில்லை, தெரு இருந்த இடத்தில் புல் மட்டும் கொஞ்சம் குட்டையாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூரை இல்லை. சினிமாக் கொட்டகைக்குள் மரம் வளர்ந்து, மேலே வழியாக எட்டிப் பார்த்தது. அவர் பத்தடி நடப்பார், உட்காருவார். மகன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவான். கல்யாண வீட்டில் பெரிய மனுஷனுக்கு நாற்காலி தூக்குகிற மாதிரி இருந்தது. அட்டைகள் எங்களை மட்டும் மறக்கவில்லை. காலைச் சுற்றி வந்து விசாரித்தன.

எங்கள் வீட்டுக்கு முன்னால் காவலாளி நின்றுவிட்டான். "அஜ்ஜி, உள்ள வேண்டாம். பொம்பளப் பேய். விரல் தடம் இருக்கு. நான் இந்தப் பக்கம் வந்தா சுத்துப் பாதையிலதான் போவேன்."

நான் உள்ளே போய், இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து, விரலால் தொட்டு, பழைய தடத்துக்குப் பக்கத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன்.

"இந்தப் பேயா?"

அவன் சுவரைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான், என் வாயைப் பார்த்தான். குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "இதுக்கா நான் இத்தனை மழையில சுத்துப் பாதை நடந்தேன்?" என்றான். கோபமா சிரிப்பா என்று அவனுக்கே தெரியவில்லை.

வீட்டுக்குள் பார்க்க ஒன்றும் இல்லை. அடுப்புத் திண்டில் பெரணி முளைத்திருந்தது. தரை முழுக்க உடைந்த ஓடும் சருகும். எனக்கு அழுகை வரவில்லை. இதையெல்லாம் யார் பெருக்குவது என்றுதான் முதலில் தோன்றியது. வாழ்நாள் முழுக்கப் பெருக்கினவளுக்கு அப்படித்தான் தோன்றும். கொல்லைப்பக்கம் போனேன்.

அவர் அங்கே திகைத்துப்போய் நின்றார். பூடம் சாய்ந்திருக்கவில்லை. வேரை வெட்டி, கல்லை முட்டுக்கொடுத்து யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சுண்ணாம்புக்குப் பதில் ஆபீஸ் சுவருக்கு அடிக்கிற இளநீலப் பெயிண்டு. முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஆடை படிந்த டீ. பக்கத்தில் ஒரு இலையில் ரெண்டு பிஸ்கட், ஒரு சிகரெட்.

"நான்தான், வீடியோக்காரன் வந்துபோன பிறகு நிமிர்த்தினேன்," என்றான் காவலாளி. வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "இவரு பெரிய சாயேபு. சுரங்கத்துல செத்துப்போன ஆபீசரு. இங்கதான் உக்காந்திருக்காரு. டீ வச்சா சத்தம் போட மாட்டாரு. யானையும் இந்தப் பக்கம் வராது."

என் வீட்டுக்காரருக்கு மூச்சு ஏறிவிட்டது. "ஆபீசரா? மாடனாக்கும்! கெடாவெட்டு வாங்குன சாமிக்கு பிஸ்கட்டா குடுக்க?"

"ஒங்களுக்கும் டாக்டரு அதத்தான் குடுக்கச் சொல்லிருக்காரு," என்றேன். "ரெண்டு பேருக்கும் வயசாயிட்டுல்லா."

அவர் காதில் விழவில்லை. சட்டையைக் கழற்றினார். விலா எலும்பெல்லாம் தெரிந்தது. மகன் சாராயத்தை ஊற்றினான், சுருட்டைப் பற்றவைத்து வைத்தான். காட்டுக்குள் தீ கூடாது என்று காவலாளி பதறினதால் சூடத்தை ஒரு சிரட்டைக்குள் கொளுத்தினோம். மேளம் இல்லை. மகன் ஸ்டூலைக் கவிழ்த்துப்போட்டு அதில் தட்டினான். டயரைத் தட்டித் தட்டிப் பழகின கை, தாளம் மோசமில்லை.

அவர் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றார். நான் அவர் இடது கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அங்கேதான் முதலில் ஏறும். பெருவிரல் துடிக்கும், பிறகு முழங்கால், பிறகு ஆளே வேறு. அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. சூடம் எரிந்து கருகியது. மகனுக்குக் கை வலித்தது. அட்டை ஒன்று அவர் கணுக்காலில் ஏறி நிதானமாகக் குடித்தது. மகன் பிடுங்கப் போனான், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். பெருவிரல் அசையவில்லை.

கண்ணைத் திறந்தார். "வரல," என்றார். மகன் ஸ்டூலை நிமிர்த்தினான். ஆனால் அவர் அதில் உட்காரவில்லை, மண்டி போட்டார். மஞ்சள் துணியை விரித்தார். பூடத்தின் அடியில் விரலால் கிண்டி ஒரு பிடி மண்ணை எடுத்தார்.

"மண்ணு எதுக்கு?" என்றான் காவலாளி.

மகன் விளக்கினான். சாமியை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொன்னதும் அந்த ஆளின் முகம் தொங்கிவிட்டது.

"கூட்டிட்டுப் போறீங்களா? அப்ப நான்?"

அவன் பேசிக்கொண்டே போனான். கூட இருந்தவர்களெல்லாம் மாற்றல் வாங்கிப் போய்விட்டார்கள். மழை பிடித்தால் கேட்டுப்பக்கம் ஒரு மனுஷ முகம் வராது. வீட்டுக்காரி இங்கே இருக்க மாட்டேன் என்று அடிவாரத்தில் இருக்கிறாள். இந்த சாயேபோடுதான் பேசுவான், டீயைப் பாதிப் பாதி குடிப்பார்கள். பிறகு குரலை இறக்கிச் சொன்னான். "ஒண்ணு மட்டும் யாருக்கும் சொல்லல, அஜ்ஜா. டீ வச்சிட்டு நிக்கும்போது சில நாள் ஒடம்பு ஆடும். மலேரியான்னு ரத்தம் பாத்தாங்க. ஒண்ணும் இல்லன்னாங்க."

என் வீட்டுக்காரர் கையில் மண்ணோடு நிமிர்ந்தார்.

"எங்கன மொதல்ல ஆடும்?"

அவன் பூட்ஸைக் கழற்றவில்லை. இடது காலை மட்டும் லேசாக முன்னால் நகர்த்தி, நுனியைக் காட்டினான்.

"பெருவெரலா?"

"ம்."

"பொறவு?"

"பொறவு தெரியாது. முடிஞ்சதும் அழுதுட்டிருப்பேன். எதுக்குன்னு தெரியாது."

அவரும் அப்படித்தான். ஆடி முடிந்து, கூட்டம் கலைந்து, வீட்டுக்கு வந்தபிறகு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுவார். அதை மகனுக்குக்கூட நான் சொன்னதில்லை. இந்தக் கேண்டீன்காரனுக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே தைரியம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் என் வாய் சும்மா இருக்காது. "ஒங்க ஆளு வேற வீடு பாத்துட்டாரு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கையிலிருந்த மண்ணையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எடுத்த குழியிலேயே போட்டு, உள்ளங்கையால் தட்டி மூடினார்.

"ஒரு பிடி எடுத்தா கொறஞ்சா போயிருவாரு?" என்றேன். "நம்ம ஊர்ல எடுத்தமே, அங்கயும் இருந்தாரு, இங்கயும் வந்தாரு. ரெண்டு எடத்துலயும் இருந்துட்டுப் போட்டும்."

"வேண்டாம்ளா. ரெண்டு எடத்துக்கு அலையணும். எனக்கே மூச்சு வாங்குது."

காவலாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஏ தம்பி, இவரு சாயேபு இல்ல. பேரு சுடலை. ஆபீசருட்ட பேசுத மாதிரி பம்மிப் பேசாத, மாமன் மச்சான் மாதிரி பேசு, அதான் பிடிக்கும். வருசத்துக்கு ஒரு கோழியாவது அறு."

"காட்டுல கோழி அறுத்தா கேஸு, அஜ்ஜா."

என் வீட்டுக்காரர் யோசித்தார். கம்பெனிச் சட்டம், காட்டுச் சட்டம் எல்லாம் அவருக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றிருக்க வேண்டும்.

"அப்ப பிஸ்கட்ட நல்ல பிஸ்கட்டா வாங்கி வையி," என்றார்.

கிளம்பும்போது பூடத்தைக் கும்பிட்டார். ஏதோ சொன்னார், உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. கேட்கிற தூரத்தில்தான் நின்றேன், காது அப்போதே கொஞ்சம் மந்தம். என்ன சொன்னிய என்று அப்புறம் கேட்டதற்கு, "ஒனக்குச் சொல்லல, அவருட்ட சொன்னேன்" என்றார். ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தி எனக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

கார் மலை இறங்கும்போது பின்சீட்டில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அப்படித் தூங்கி நான் பார்த்து நாளாகியிருந்தது. ரோட்டோரத்தில் ஒரு கடையில் நிறுத்தினோம். எழுந்து கேட்காமலே ரெண்டு தோசை சாப்பிட்டார். மூன்றாவது தோசைக்கு என் தட்டைப் பார்த்தார்.

மகன் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டான். "எப்பா, அப்ப இந்த வருசம் நம்ம ஊர்க் கொடைக்கு?"

"போவோம்."

"ஆடுவியளா?"

"ஆடதுக்குப் போனாத்தான் போனதா? கூட்டத்துல நின்னு பாப்போம்லே. இத்தன வருசம் நான் கொடையப் பாத்ததே இல்லியே. ஆடுதவனுக்கு என்ன தெரியும்?"

போனோம். மதியக் கொடைக்குத்தான். தேரி மணல் காலைச் சுட்டது. அவர் சட்டையைக் கழற்றவில்லை, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்பிள்ளைகளுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றார். மேளம் ஏறியபோது எனக்குத்தான் பயம், குனிந்து அவர் காலைப் பார்த்துவிடக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரியப்பா பேரன் குதித்துக்கொண்டு வந்தான்.

"காலத் தூக்குதான் பாரு, கொக்கு மாதிரி," என்றார் என் காதில்.

"நீங்க மட்டும் மயிலாக்கும்."

"நான் எப்பிடி ஆடுனேன்?"

இத்தனை வருஷத்தில் அவர் அதை என்னிடம் கேட்டதே இல்லை. என்ன சொல்வது? நான்தான் எப்போதும் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஆட்டத்தை எங்கே பார்த்தேன்.

"பயமா இருந்துச்சு," என்றேன்.

அது அவருக்குப் போதுமாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "உக்காருவமாளா, கால் கடுக்கு" என்றார். பனை மரத்து மூட்டில் கிடந்த நிழல் ரெண்டு பேருக்குப் பற்றாது. நெருக்கி உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் நின்றவர்களின் கால்கள்தான் தெரிந்தன, சாமி தெரியவில்லை. யாரையாவது விலகச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், சத்தம் கேக்குதுல்லா என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.